ஆர் அந்த 'ஹீ'?

அவளைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்ததுமே முதல் தொல்லை வந்துவிட்டது. அவள் என்று எழுதுவதா, அவர் என்று எழுதுவதா? என்னைவிட ஆறு மாதம் இளையவள். ஆனால் கல்யாணம் ஆனவள், என்னிடம் படிக்க வந்தவள், வகுப்பில் சின்னவர்கள் ராத்தா, அதாவது அக்கா, என்று மரியாதையாகக் கூப்பிட்ட ஆள். தமிழில் ஒருவரைப் பற்றி வாயைத் திறந்தாலே போதும், வினைச்சொல்லின் வால் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். ஆணா பெண்ணா, மதிப்பா மதிப்பில்லையா என்பதெல்லாம் வந்தான், வந்தாள், வந்தார் என்பதிலேயே வெளியில் வந்துவிடும். ஆங்கிலத்தில் இந்தப் பாடு கிடையாது. ஒருவன் என்றாலும் ஒருத்தி என்றாலும் ஒரு ஆடு என்றாலும் கடைசியில் ஒரே ஒரு 'ஸ்'.

அந்த ஒரு 'ஸ்'ஸைத்தான் நான் மன்னார் பட்டினத்தில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில், வாரத்துக்கு நாலு பின்னேரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பட்டம் முடித்துவிட்டு அரசாங்க நியமனம் இந்தா வருகிறது அந்தா வருகிறது என்று காத்திருந்த காலம். எட்டுப் பேர் படித்தார்கள். எனக்கு என்னைப் பற்றிப் பெரிய எண்ணம் வேறு.

அவள் என்றே எழுதுகிறேன். அவர் என்று எழுதினால், "ஆறு மாசம் மூத்தது நீங்கள்தானே டீச்சர், உள்ளதை எழுதுங்கோ" என்று அவளே திருத்துவாள்.

உப்புக்குளத்தில் வீடு. வாப்பாவுக்கும் அண்ணனுக்கும் கருவாட்டு வியாபாரம். அண்ணனை அவர்கள் காக்கா என்பார்கள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து குடும்பம் புத்தளத்தில் இருந்த காலத்தில் அங்கே பிறந்து, குடும்பம் திரும்பி வந்தபோது கூட வந்தவள். எருக்கலம்பிட்டி மாப்பிள்ளை ஒருவருடன் நிக்காஹ் முடிந்திருந்தது. அவர் இருந்தது இங்கிலாந்தில். மனைவி அங்கே போய்ச் சேர வேண்டுமானால் கொழும்பில் ஒரு சின்ன ஆங்கிலப் பேச்சுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அது இல்லாவிட்டால் விசா இல்லை. அதற்காகத்தான் என் மாடிப்படி ஏறினாள்.

கல்யாணம் முடித்து எத்தனை நாள் சேர்ந்து இருந்தீர்கள் என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். இப்படியான கேள்விக்கு எல்லோரும் ஒரு மாதம் என்றோ ஒன்றரை மாதம் என்றோ சொல்வார்கள். அவள், "முப்பத்தாறு நாள்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "இல்லை, முப்பத்தஞ்சரை. அவருக்குப் பகல் பிளேன்" என்றாள்.

அவள் அப்படித்தான். இல்லாததைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. பக்தியால் வந்த குணம் என்று நான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் பக்திக்கு முன்னாலேயே அது இருந்திருக்கிறது. கடையில் அவள் நிற்கும் நேரம் பார்த்து வரும் ஆட்கள் உண்டு. "இந்தக் கட்டாப் பாறைக் கருவாடு எப்பிடி?" என்று கேட்டால், "போன கிழமை மழையில நனைஞ்சது. வேண்டாம், அங்கால உள்ளதை எடுங்கோ" என்பாள். காக்கா உள்ளேயிருந்து இருமுவார். அவள் திரும்பி, "என்ன காக்கா, நனையேல்லையோ?" என்று கேட்பாள். உண்மையாகவே சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்பாள். காக்கா பாவம்.

முதல் நாள் வகுப்பிலேயே என்னோடு கொழுவினாள். நான் பலகையில் 'ஹீ பிளேய்ஸ் கிரிக்கெட்' என்று எழுதி, அவன் கிரிக்கெட் விளையாடுகிறான், வினைச்சொல்லின் கடைசியில் 'ஸ்' வருகிறது பாருங்கள் என்று பெருமையோடு திரும்பினேன். கை உயர்ந்தது.

"ஆர் டீச்சர்?"

"ஆர் எண்டா?"

"ஆர் அந்த ஹீ?"

"ஆரும் இல்லை. சும்மா ஒரு ஆள். உதாரணம்."

"ஆரெண்டே தெரியாத ஆள் விளையாடுறானோ இல்லையோ எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

வகுப்பு சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. நிகழ்காலம் என்பது தினமும் வழக்கமாக நடப்பதைச் சொல்வது, சூரியன் உதிக்கிறது, அம்மா சமைக்கிறா என்பதுபோல, என்று நீட்டி விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப உள்ளதா நடக்கிறதைத்தான் சொல்லவேணும், என்ன?" என்றாள். ஓம் என்று சொல்லிவைத்தேன். என் வாயாலேயே நான் கெட்டது அங்கேதான்.

அவள் எழும்பி யன்னலால் எட்டிப் பார்த்தாள். கீழே தெருவின் நடுவில் ஒரு கழுதை படுத்திருந்தது. எங்கள் பட்டினத்தில் அது புதினமில்லை. "இட் ஸ்லீப்ஸ்" என்றாள். "ஒவ்வொரு நாளும் அதிலதான் படுக்குது, நான் பார்த்தனான்" என்று எனக்கு உறுதி சொன்னாள். பிறகு, அது கடதாசி தின்கிறது, அது ஹோர்ன் அடித்தாலும் அசைவதில்லை என்று இன்னும் இரண்டு வசனம். மூன்றிலும் ஒரு பிழை இல்லை. மற்ற ஏழு பேரும் கொப்பியைப் போட்டுவிட்டு யன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு என் வகுப்பின் போக்கே மாறிவிட்டது. புத்தகத்திலிருந்த ஜோனும் மேரியும் ஒரு கிழமைக்குள் காணாமல் போனார்கள். அவர்களுக்குப் பதிலாக உப்புக்குளமும் பக்கத்து ஊர்களான தாழ்வுபாடும் பேசாலையும் உள்ளே வந்தன. பக்கத்து வீட்டு மாமி தினமும் சீனி கேட்டு வருகிறா, திருப்பித் தருவதில்லை. மாமியின் மருமகன் பத்து மணிக்கு எழும்புகிறான், வேலை தேடுவதில்லை. மருந்துக்கடை முதலாளி ஒரு மணிக்குக் கதிரையில் நித்திரை கொள்கிறார், இல்லையென்று சொல்கிறார். எல்லாம் உண்மை, எல்லாவற்றிலும் 'ஸ்' இருக்கிறது. நான் தலையாட்டுவதா காதைப் பொத்துவதா என்று தெரியாமல் நின்றேன். கீழே போய் முதலாளியின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் கணவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் 'ஸ்'ஸை விழுங்கிவிடுவாள். எத்தனை தரம் மேசையில் தட்டினாலும் விழுங்குவாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஏன் என்று கேட்டேன்.

"கழுதைக்கும் ஸ், என்ட மாப்பிள்ளைக்கும் ஸ்ஸோ டீச்சர்? ஒரு வித்தியாசம் வேண்டாமோ?"

"ஆங்கிலத்தில அவ்வளவுதான் மரியாதை."

"அப்ப தே எண்டு சொல்லட்டோ? அவங்க வாறாங்க எண்டமாதிரி?"

"சொன்னா எத்தினை மாப்பிள்ளை எண்டு கேப்பினம்."

அவள் சிரித்துச் சிரித்து மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவருக்கும் 'ஸ்' கிடைத்தது. கொஞ்சம் மனவருத்தத்தோடுதான் கொடுத்தாள். அந்த எழுத்தை மட்டும் மெதுவாகச் சொல்வாள்.

இந்த இடத்தில் என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பரீட்சைக்குப் போகிறவர்களுக்கென்று நான் ஒரு பந்தி எழுதி வைத்திருந்தேன். நான் மன்னாரில் வசிக்கிறேன், அது அழகான தீவு. என் அம்மா சுவையாகச் சமைக்கிறா. என் பொழுதுபோக்கு வீட்டுத்தோட்டம். எல்லோரும் அதைப் பாடமாக்க வேண்டும். தாழ்வுபாட்டுக் கடற்றொழிலாளி ஒருவர், நாற்பது வயது, லண்டனில் தாதியாக இருக்கும் மனைவியிடம் போகப் படித்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன். அவர் அந்தப் பந்தியைச் செபமாலை மாதிரி உருட்டி உருட்டிப் பாடமாக்கிக்கொண்டு கொழும்புக்குப் போனார். பரீட்சை நடத்திய பெண் சந்தோசப்பட்டு, உங்கள் தோட்டத்தில் என்ன பூ இருக்கிறது என்று கேட்டிருக்கிறா. அண்ணன் வீட்டு முற்றத்தில் இருந்தது வலையும் மீன் காயப்போடும் பாயும். பூ ஒன்றின் பெயரும் வாயில் வராமல் திரும்பி வந்து, மறுபடி என் வகுப்பில் முதலிலிருந்து தொடங்கினார்.

அவளிடமும் அந்தப் பந்தியை நீட்டினேன். வாசித்துவிட்டு, மடித்து, பத்திரமாக என் கையிலேயே திருப்பித் தந்தாள்.

"எங்கட வீட்டில தோட்டம் இல்லை. உம்மாட சமையலும் அவ்வளவு சரியில்லை டீச்சர்."

இப்படியிருக்க, ஒரு வியாழக்கிழமை வீட்டுவேலை கொடுத்தேன். குடும்பத்தில் ஒருவர் தினமும் என்ன செய்கிறார் என்று பத்து வசனம். மற்றவர்கள் தாயையும் தகப்பனையும் பிடித்துக்கொண்டார்கள். பரீட்சையில் எப்படியும் கணவரைப் பற்றித்தான் கேட்பார்கள் என்பதால், அவளை அவரைப் பற்றி எழுதச் சொன்னேன். அடுத்த வகுப்புக்கு வெறுங் கொப்பியோடு வந்தாள்.

"ஏன் எழுதேல்லை?"

"தெரியாது டீச்சர்."

"என்ன தெரியாது? ஆறு மணிக்கு எழும்புறார், பல்லு விளக்குறார், வேலைக்குப் போறார். இதுகூடவோ?"

"ஆறு மணிக்கு எழும்புறாரோ? ஆர் சொன்னது? முப்பத்தஞ்சரை நாளும் அவர் இஞ்ச விருந்தாளி. விருந்தாளி எழும்புற நேரமோ அவர்ட நேரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாகத் தினமும் போனில் கதைத்த மனிதன் ஒருநாளில் என்ன செய்கிறான் என்று தனக்குத் தெரியவில்லை என்பதை அவள் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தாள். கதைத்ததெல்லாம் விசா, வாப்பாவின் சீனி வருத்தத்துக்கு மருந்து, சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். அவர் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட்டில் சூப்பர்வைசர். அது ஒன்றுதான் அவளுக்கும் உப்புக்குளத்துக்கும் தெரியும். கல்யாணம் பேச வந்தபோது சொன்ன சொல். வேலையையும் சம்பளத்தையும் காட்டும் விசாக் காகிதங்களெல்லாம் அங்கே அவரிடமே இருந்தன.

அடுத்த கிழமை பத்து வசனங்களோடு வந்தாள். நாலு நாளாகப் போனில் குறுக்கு விசாரணை நடந்திருக்கிறது. "முதல் ஆறுக்கு எழும்புறன் எண்டார், பிறகு எட்டு எண்டார். வழக்கம் எண்டா ஒரு வழக்கந்தானே இருக்கும், ஒண்டைச் சொல்லுங்கோ எண்டு பிடிச்சன்" என்றாள். கொப்பியை விரித்து, நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு 'ஸ்'ஸையும் அழுத்தி வாசித்தாள். அவர் நாலு மணிக்கு எழும்புகிறார். அவர் இரண்டு காற்சட்டை போடுகிறார். அவர் கையுறை போடுகிறார். அவர் நின்றுகொண்டு சாப்பிடுகிறார். அவர் பின்னேரம் வந்து சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றி ஹீட்டரில் காயவைக்கிறார். அவர் முழங்காலுக்கு மருந்து பூசுகிறார்.

ஒரு பிழை இல்லை. நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

தாழ்வுபாட்டு அண்ணன்தான் வாயை விட்டார். "சப்பாத்து நனையிற வேலையோ தங்கச்சி? கையுறை வேற. சூப்பர்வைசர் எண்டா உள்ளுக்குள்ளதானே நிப்பார்?" கேட்டது குற்றம் கண்டுபிடிக்க அல்ல. கடலில் நனைந்து, சப்பாத்துக் காயவைக்கும் ஆளுக்கு அது கண்ணில் பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

அவள் கொப்பியைப் பார்த்தாள். தன் கையெழுத்தையே இன்னொருவர் எழுதியதுபோல மேலிருந்து கீழே மறுபடி வாசித்தாள். பிறகு மூடினாள்.

இரண்டு நாள் கழித்து வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கியபின் நின்று எனக்குச் சொன்னாள். சூப்பர்வைசர் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் சாமானைப் போட்டுத் தள்ளிக்கொண்டு போய், கார் நிறுத்தும் இடத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போகும் கம்பி வண்டில்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பொறுக்கி, ஒன்றுக்குள் ஒன்று சொருகி, திரும்பக் கடை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வரும் வேலை. திறந்தவெளி. அங்கே அடிக்கடி மழை. சூப்பர்வைசர் என்று முதலில் சொன்னது அவருடைய தாய். பிறகு இல்லையென்று சொல்ல அவருக்கு நாக்கு எழும்பவில்லை.

"இது ஒரு வெக்கமோ டீச்சர்? புத்தளத்தில வாப்பா கருவாட்டு வண்டில் தள்ளேக்க பின்னால பிடிச்சுத் தள்ளினது ஆரு? நான்தானே! எனக்கு வண்டிலுக்குக் கோவம் இல்லை. முழங்காலுக்கு மருந்து பூசுறதை என்னட்டை மறைச்சுப்போட்டாரே, அதுக்குத்தான் கோவம்."

கோபம் என்று சொன்னாளே தவிர, கண் கோபத்தில் சிவந்ததுபோல் தெரியவில்லை.

பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தது. கேட்டால் உள்ளதைத்தான் சொல்வேன் என்று அவரிடமே சொல்லிவிட்டாள். அவர் வேண்டாம் என்றார். வகுப்பில் உன்னோடு படிக்கிற ஏழு பேரும் கதையை ஊருக்குள் காவித் திரிவார்கள், என் முகம் என்னவாகும் என்றார். அவள் முடியாது என்றாள். அதோடு அவர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

காக்கா மோட்டார்சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டு முதல்தடவையாக மாடி ஏறி வந்தார். கதிரையில் நுனியில் உட்கார்ந்து, "டீச்சர், நீங்கள் சொன்னாக் கேப்பாள். சூப்பர்வைசர் எண்டு சொல்லட்டும். கேக்கிறவக்கு என்ன தெரியப்போகுது? சோதினை போனா எல்லாம் போச்சு. மாப்பிள்ளையும் மனம் விட்டுப்போடுவார்" என்றார். நல்ல மனிதர். தங்கைக்காகத்தான் வந்திருந்தார்.

நானும் அவர் பக்கம்தான் நின்றேன். அதை ஒளிக்க விரும்பவில்லை. அவளைக் கூப்பிட்டு, "பாருங்கோ, அங்க புள்ளி போடுறது வினைச்சொல்லுக்கு. உண்மைக்கு இல்லை. எதைச் சொன்னாலும் 'ஸ்' சரியா வந்தாச் சரி" என்றேன்.

"அப்ப நீங்கள் இவ்வளவு நாளும் எங்களுக்குப் பிழையில்லாத பொய்யோ டீச்சர் படிப்பிச்சனீங்கள்?"

குத்திக்காட்டவில்லை. கருவாடு நனைந்ததா என்று காக்காவிடம் கேட்பாளே, அதே குரல். அன்றிரவு அந்தத் தோட்டப் பந்தியைக் கிழித்துப் போட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இவளைப் பற்றி எழுதிக்கொண்டு பொய் எழுதக்கூடாது. கிழித்தது ஒரு மாதம் கழித்துத்தான்.

ஒன்பது நாளாகியும் அழைப்பு வரவில்லை. வகுப்பில் சுற்றிவரக் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தபோது அவள் முறை வந்தது. அவள் எப்போதும் கண் மினுங்கச் சொல்லும் வசனம் ஒன்று உண்டு, அவர் தினமும் என்னை அழைக்கிறார் என்று. பழக்கத்தில் 'ஹீ' என்று தொடங்கிவிட்டு நின்றாள். நான் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தேன். தலையை ஆட்டினாள்.

"இப்ப அது பிழை டீச்சர்" என்றாள்.

தாழ்வுபாட்டு அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நெட்வேர்க்காத்தான் இருக்கும் தங்கச்சி. எனக்கும் இந்தக் கிழமை லைன் சரியில்லை" என்றார். அவருடைய மனைவி அரை மணித்தியாலத்துக்கு முன்தான் அவரோடு வீடியோவில் சத்தமாகச் சண்டை பிடித்ததை நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, உங்களுக்குப் பொய்யும் வராது, தோட்டமும் வராது" என்றாள். அன்றைக்கு எல்லோருக்கும் மூச்சு வந்தது அதற்குப் பிறகுதான்.

பரீட்சை நாளன்று நானும் கொழும்பில் இருந்தேன். என் நியமன விசயமாகக் கல்விக் கந்தோருக்குப் போகவேண்டியிருந்தது. அலுவலர் லீவு என்று திருப்பிவிட்டார்கள். நேரே பரீட்சை நடந்த கட்டடத்துக்குப் போய், வாசலில் காக்காவோடு நின்றேன். காக்கா வாய் அசையாமல் ஓதிக்கொண்டிருந்தார்.

உள்ளே நடந்தது அவள் வெளியில் வந்து சொன்னது. இரண்டிரண்டு பேராக உட்கார வைப்பார்களாம். அவளோடு யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று. அந்தப் பிள்ளை தன் பொழுதுபோக்கு வீட்டுத்தோட்டம் என்று கடகடவென்று ஒப்புவித்ததாம். யாழ்ப்பாணத்திலும் என்னைப்போல் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். இவள் உண்மை ஆர்வத்தோடு, என்ன நட்டிருக்கிறீர்கள் என்று கேட்க, அந்தப் பிள்ளை தடுமாறி, பிறகு, இரண்டு மிளகாய்க் கன்று, ஆடு தின்கிறது என்று சொல்லிவிட்டதாம். அது மனதிலிருந்து வந்ததால் நன்றாகவே வந்ததாம். அதன்பிறகு இவள் முறை.

உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறா பரீட்சை நடத்திய பெண்.

அவர் ஒரு பெரிய கடையில் வேலை செய்கிறார், என்றிருக்கிறாள். அவர் வண்டில் தள்ளுகிறார். மழை பெய்கிறது. அவர் தள்ளுகிறார்.

அது கஷ்டமான வேலையா என்று கேட்டிருக்கிறா.

"ஹீ டஸ்ன்ட் டெல் மீ. ஐ நோ."

அவர் எனக்குச் சொல்வதில்லை. எனக்குத் தெரியும். அவள் இதை எங்களுக்குச் சொல்லிக்காட்டியபோது காக்கா வேறு பக்கம் திரும்பி நின்று வீதியைப் பார்த்தார். நான் 'ஸ்' சரியா என்று பார்க்க மறந்துவிட்டேன். இன்று வரைக்கும், என் வகுப்பில் யாரும் சொன்ன வசனங்களில் அதைவிட நல்ல வசனம் நான் கேட்டதில்லை.

அவள் சித்தியடைந்தாள். விசா வர இன்னும் எட்டு மாதம் இழுத்தது, வந்தது, போனாள். நன்றாக இருக்கிறாள். அண்ணனும் அடுத்த தடவை வலையைப் பற்றிப் பேசிச் சித்தியடைந்து போய்விட்டார். ஆனால் எனக்கு அவளை நினைத்தால் விமானமோ பெறுபேறோ ஞாபகம் வருவதில்லை. அன்றைக்குத் திரும்பி வந்த வழிதான் ஞாபகம் வரும்.

பரீட்சைக் கட்டடத்தில் வாங்கி வைத்திருந்த போனை வாசலில் திருப்பிக் கொடுத்தார்கள். போட்டுப் பார்த்தாள். ஒரு படம் வந்திருந்தது. அவள் உள்ளே இருந்த நேரத்தில் அனுப்பியது, என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரியுமுன்னமே. ஒரு சொல்லும் எழுதவில்லை. அவர் முன்பெல்லாம் அனுப்பிய படங்களில் கோட் போட்டுக்கொண்டு யாருடையதோ காரில் சாய்ந்து நிற்பாராம். இதில் விடிந்தும் விடியாத வெளிச்சம், தூறல், பளிச்சென்ற செம்மஞ்சள் மேலங்கி, தலையில் தொப்பி. முன்னால் ஒன்றுக்குள் ஒன்று சொருகிய வண்டில்கள், படத்துக்குள் அடங்காத நீளத்துக்கு. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படம் எடுக்கும் ஆளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

அவள் போனைக் காக்காவிடம் நீட்டினாள். காக்கா நெடுநேரம் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். "கெட்டிக்காரன்தான்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மன்னார் பஸ் புத்தளத்தில் தேத்தண்ணிக்குப் பத்து நிமிடம் நிற்கும். அவளுடைய சாச்சி, திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்ட சின்னம்மா, ரொட்டிப் பார்சலோடு பஸ் நிலையத்தில் காத்துக்கொண்டு நின்றா. கட்டிப்பிடித்து, நெற்றியில் முத்தமிட்டு, சோதினை நல்லாச் செய்தியா என்று கேட்டுவிட்டு, நாலு பேர் கேட்கும்படியான குரலில் அடுத்ததைக் கேட்டா.

"சூப்பர்வைசர் மாப்பிள்ளை எப்பிடி மகள் இருக்கிறார்?"

சுற்றிவரச் சனம். சாச்சிக்குப் பின்னால் அவவின் அயலட்டைப் பெண்கள் இருவர், லண்டன் பெண்ணைப் பார்க்கவென்றே வந்தவர்கள். காக்கா என்னைப் பார்த்தார், நான் காக்காவைப் பார்த்தேன். பரீட்சை அறையில் கேட்டது முன்பின் தெரியாத ஒருத்தி. இது சொந்தம்.

"சூப்பர்வைசர் இல்லை சாச்சி. வண்டில் தள்ளுறார். இஞ்ச பாருங்கோ" என்று போனைத் தூக்கிப் பிடித்தாள்.

சாச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. பின்னால் நின்ற இருவரும் எட்டிப் பார்த்தார்கள். சாச்சி விரலை வைத்து அந்த வண்டில் வரிசையைத் தொடக்கத்திலிருந்து தடவிக்கொண்டு போனா. விரல் படத்தின் ஓரத்தில் முட்டி நின்றது.

"அல்லாஹ்வே! மழைக்குள்ள இவ்வளத்தையும் ஒத்த ஆளாவோ தள்ளுறார்?"

வகுப்பின் முன்னாலும் பரீட்சைக்காரியின் முன்னாலும் கலங்காத அவளுக்கு அந்த இடத்தில் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. துடைக்காமலே சிரித்தாள்.

"இப்போதைக்கு ஓம் சாச்சி. ஒத்த ஆள்தான்."